பூரியின் எழுபத்தைந்து மீட்டர்

2019-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி ஃபானி புயல் பூரி நகருக்கு அருகே கரையைக் கடந்தது. ஒடிசா மாநிலத்தில் 64 பேர் உயிரிழந்தனர். பூரியில் மின்கம்பங்கள் சாய்ந்தன, தென்னைகள் முறிந்தன, ஓட்டு வீடுகளும் குடிசைகளும் கூரையை இழந்தன. நகரம் மீண்டும் தலைநிமிர முயன்றுகொண்டிருந்த அதே ஆகஸ்ட் மாதத்தின் இறுதியில், ஜகந்நாதர் கோயிலின் மதிலைச் சுற்றியிருந்த பழைய கட்டடங்களை இடிப்பதற்கு இயந்திரங்கள் வந்து சேர்ந்தன. புயல் விட்டுவைத்ததை அரசு அகற்றத் தொடங்கியது.

கோயிலின் வெளிமதிலான 'மேகநாத பாசேரி'யிலிருந்து 75 மீட்டர் தொலைவு வரை எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது என்பது அன்றைய மாநில அரசின் முடிவு. கோயில் சீர்திருத்தங்களை ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி பி.பி. தாஸ் ஆணையம், பாதுகாப்பைக் காரணம் காட்டிச் செய்த பரிந்துரையே அதற்கு ஆதாரம். 2021 நவம்பர் 24-ஆம் தேதி கஜபதி மன்னர் திவ்யசிங்க தேவ் அடிக்கல் நாட்டினார். 2024 ஜனவரி 17-ஆம் தேதி, அயோத்தியில் ராமர் கோயில் குடமுழுக்கு நடப்பதற்குச் சரியாக ஐந்து நாள்களுக்கு முன்னதாக, சுமார் 800 கோடி ரூபாய் மதிப்பிலான ஸ்ரீஜகந்நாதர் பாரம்பரியப் பெருவழி திறந்துவைக்கப்பட்டது. மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் அந்த ஆண்டு தேர்தல். இந்தத் தேதிகளின் நெருக்கம் தற்செயல் என்று நம்புவதற்குத் தில்லியில் ஆள் கிடைப்பது கடினம்.

பெருவழி வந்ததனால் பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. பூரிக்குச் சென்றுவந்த எவரும் பழைய நிலையை அறிவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் சிறு நகரம் அது. ரத யாத்திரை நாளில் அதைப் போலப் பல மடங்கு கூட்டம் அங்கே திரள்கிறது. மதிலை ஒட்டிக் கடைகள், கடைகளை ஒட்டி விடுதிகள், அவற்றுக்கு இடையே ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய சந்துகள். முதியவர் ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கிச் செல்ல வழியில்லை, தீப்பிடித்தால் தீயணைப்பு வாகனம் நுழைய முடியாது, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. இப்போது மதிலை அடுத்துப் பசுமைப் பட்டை, வலம் வரும் பாதை, அதற்கு அப்பால் பொருள் வைப்பறைகள், குடிநீர், கழிப்பறைகள், அவசர ஊர்திகளுக்கான வழி. மதிலைச் சுற்றி மக்கள் தடையின்றி நடக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனால், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கடைகளும் விடுதிகளும் மட்டும் அங்கே இருக்கவில்லை. பூரி ஒரு மடங்களின் நகரம். பாரதத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வந்த ஞானியர், தம் மரபினர் தங்குவதற்கும் கோயில் கைங்கரியங்களைச் செய்வதற்கும் அங்கே மடம் அமைத்தனர். இடிக்கப்பட்டவற்றுள் முதன்மையானது ஏமார் மடம். அதைத் தோற்றுவித்தவர் ராமாநுஜர் என்பது மரபு. எம்பார், எம்பெருமானார் என்னும் தமிழ்ப் பெயர்களின் திரிபே 'ஏமார்' என்று சொல்வர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ஒருவரின் நினைவு, வங்கக் கடலின் மேற்குக் கரையில் ஒடியா நாவில் சற்றே உருமாறிப் பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்தது. அந்தப் பெரிய கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கனும் தாய்வழியில் சோழர் குலத்தவன்தான். லாங்குளி மடமும் இடிபாடுகளுக்குள் போயிற்று. குருநானக்கின் பூரிப் பயணத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் மங்கு மடத்துக்கும் ஆபத்து என்ற செய்தி பரவியதும், பஞ்சாப் முதல்வராக இருந்த அமரீந்தர் சிங் கவலை தெரிவித்தார்.

ஏமார் மடத்துக்குள் ரகுநந்தன் நூலகம் இருந்தது. 1921-இல் நிறுவப்பட்டது. மடம் இடிக்கப்பட்டபோது நூல்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். நூலகத்துக்குப் புதிய கட்டடம் கட்டித் தருவதாகவும் அரசு சொன்னது. புதிய கட்டடம் பழையதைவிட வசதியாகவே இருக்கலாம். மடத்தின் திண்ணையிலிருந்து கோயில் மதிலைப் பார்த்தபடி ஏட்டைப் புரட்டிய ஒரு வாழ்முறைக்கு மாற்றுக் கட்டடம் எதுவும் கிடையாது. இந்த மடங்கள் எவையும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் பட்டியலில் இல்லை. சட்டத்தின் கண்களுக்கு அவை வெறும் கட்டடங்கள். அவற்றின் சுவர்களும் சிதிலமடைந்திருந்தன என்று மாநில அரசு கூறியது. கூறியது பொய்யென்றும் சொல்ல இயலாது, ஏனெனில் மடங்களில் பல பராமரிப்பின்றிக் கிடந்தது உண்மை. ஆயினும் சிதிலமடைந்ததைச் செப்பனிடுவது, இடிப்பது என்று இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி எந்த அளவுக்கு ஆராயப்பட்டது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு வர வேண்டியிருக்கிறது. ஜகந்நாதர் கோயில் 1975 முதல் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எனவே, 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டம் அதற்குப் பொருந்தும். 2010-இல் அச்சட்டம் கடுமையாகத் திருத்தப்பட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தடை செய்யப்பட்ட பகுதியில் புதிய கட்டுமானம் கூடாது. 1992 ஜூன் 16-ஆம் தேதிக்கு முன்பே இருந்த கட்டடமானால், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டும் அனுமதி கேட்கலாம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு முன்பெல்லாம் நிபுணர் குழு என்ற பெயரில் ஒன்றை வைத்துக்கொண்டு, வேண்டியவர்களுக்கு விதிவிலக்கு வழங்கும் வழக்கம் இருந்தது. பொதுப்பணி என்று சொல்லிக்கூட இனி அந்தப் பகுதிக்குள் அனுமதி தரலாகாது என்று 2010-இன் திருத்தம் அந்தக் கதவை அடைத்தது.

இச்சட்டத்தின் கடுமை எப்படிப்பட்டது என்பதை மாமல்லபுரத்துவாசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் ஒரு சிறிய கடலோர ஊர்தான். ஊருக்குள் ஆங்காங்கே பல்லவர் காலச் சின்னங்கள் சிதறிக் கிடப்பதால், ஒரு வட்டத்தின் விளிம்பில் அடுத்த வட்டம் தொடங்கிவிடுகிறது. மகனுக்குத் திருமணமாயிற்று, மாடியில் ஓர் அறை எடுக்க வேண்டும் என்றால், தடை செய்யப்பட்ட பகுதியில் அது நடவாது. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாக இருந்தால் விண்ணப்பம், வரைபடம், ஆய்வு, தடையில்லாச் சான்று என்று அலைய வேண்டும். தஞ்சாவூரிலும் காஞ்சிபுரத்திலும் இதே நிலைதான். நாட்டின் 3,600-க்கும் மேற்பட்ட பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி வாழும் மக்கள் அனைவரும் இந்தச் சுமையைச் சுமக்கிறார்கள். பாரம்பரியத்தைக் காக்க இது அவசியம் என்றால் சுமந்தே ஆக வேண்டும். மக்கள் முணுமுணுப்புடனாவது அதை ஏற்றுக்கொண்டும் இருக்கிறார்கள்.

பூரியில் எழுபத்தைந்து மீட்டர் என்பது முழுக்க முழுக்க அந்த நூறு மீட்டருக்குள் அடங்கியது. அங்கே மாநில அரசு எப்படிக் கட்டியது?

விடை, 'கட்டுமானம்' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் இருக்கிறது. கட்டடம் எழுப்புவது கட்டுமானம். ஆனால், இருக்கும் கட்டடத்தைப் பழுது பார்ப்பது, கழிவுநீர்க் கால்வாய் அமைப்பது, பொதுக் கழிப்பறை கட்டுவது, குடிநீர், மின்சாரம் வழங்குவதற்கான பணிகள் போன்றவை அந்தச் சொல்லுக்குள் வாரா. ஊர் மக்களுக்குச் சாக்கடையும் தண்ணீரும் மறுக்கப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சேர்க்கப்பட்ட வரிகள் அவை. தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் 2021 செப்டம்பர் 4-ஆம் தேதி, பொருள் வைப்பறை, கழிப்பறைகள், நிழல் மண்டபம், மின் அறை, நடைபாதை ஆகியவற்றுக்குத் தடையில்லாச் சான்று வழங்கியது. கழிப்பறைக்காகத் திறந்துவைத்த சிறு வாயில் வழியாக ஒரு பெருந்திட்டம் உள்ளே நுழைந்தது.

விவகாரம் ஒரிசா உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. (மாநிலத்தின் பெயர் மாறியும் நீதிமன்றத்தின் பெயர் மாறவில்லை.) 2022 மே மாதத்தில் தொல்லியல் துறை அங்கே தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் படிப்பவர்களைத் திடுக்கிட வைத்தது. பணி தொடங்குமுன் பாரம்பரியத் தாக்க ஆய்வு நடத்தப்படவில்லை என்றும், மண்ணைத் தோண்டியபோது தொல்லியல் எச்சங்கள் அழிந்திருக்கக் கூடும் என்றும் அத்துறை கூறியது. மத்திய அரசின் ஓர் அமைப்பு சான்று கொடுக்கிறது. அதே மத்திய அரசின் இன்னொரு துறை, எட்டு மாதம் கழித்து, சேதம் நேர்ந்திருக்கலாம் என்று நீதிமன்றத்தில் சொல்கிறது. இரண்டும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இயங்குபவை. சான்று வழங்கியவர்களும் சேதம் என்றவர்களும் தில்லியில் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேசியிருக்கலாம். இடையிலிருந்த அந்த எட்டு மாதங்களில் பூரியில் மண் தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது.

உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 3-ஆம் தேதி இறுதி முடிவைச் சொன்னது. பக்தர்களுக்கான அடிப்படை வசதிகள் சட்டத்தின் விதிவிலக்குக்குள் அடங்கும், பணிகளில் விதிமீறல் இல்லை என்று கூறி மனுக்களைத் தள்ளுபடி செய்ததுடன், மனுதாரர்களுக்கு அபராதமும் விதித்தது. அதற்கு முன்பே, 2019-இல் மடங்கள் இடிக்கப்பட்டபோதும் உச்ச நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. நீதிமன்றத்தின் தீர்ப்பே சட்டம். அதை மதிப்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. பெருவழி சட்டப்படியானதா என்ற கேள்வி முடிந்துபோனது.

முடியாத கேள்வி, சட்டத்தை இயற்றிய அவையைச் சேர்ந்தது. பொதுப்பணிக்குத் தடை செய்யப்பட்ட பகுதியில் இடம் வேண்டும் என்று மத்திய அரசு ஏற்கெனவே ஒரு முறை நாடாளுமன்றத்தைக் கேட்டது. 2017-இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதாவை மக்களவை 2018 ஜனவரி 2-ஆம் தேதி நிறைவேற்றியது. மாநிலங்களவை அவ்வளவு எளிதில் இசையவில்லை. ஆக்ராவும் ஹம்பியும் என்னவாகும் என்று உறுப்பினர்கள் அஞ்சினர். மசோதா தேர்வுக் குழுவுக்குப் போயிற்று, சட்டமாகவில்லை. அந்த மசோதாவைப் படித்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். அதில் பொதுப்பணி என்பது மத்திய அரசின் துறைகள் தம் செலவில் செய்யும் பணிகளை மட்டுமே குறித்தது. வேறு வழியில்லை என்றால் மட்டுமே அனுமதி. அதற்கு முன் தொல்லியல், பாரம்பரிய, காட்சித் தாக்கங்களை ஆணையம் கணக்கில் கொள்ள வேண்டும். அதாவது, சட்டத்தைத் தளர்த்த விரும்பிய மசோதாவிலேயே இருந்த காப்புகள், தளர்த்தப்படாத சட்டத்தின் கீழ் நடந்த பூரிப் பணிக்கு இல்லாமல் போயின. நாடாளுமன்றம் கொடுக்க மறுத்த சலுகையைவிடப் பெரிய சலுகையை ஒரு சொல்லின் விளக்கம் கொடுத்துவிட்டது.

இதைப் பற்றி அவையில் விரிவான விவாதம் நடந்ததா என்றால், இல்லை. 2022-இல் புவனேசுவரம் உறுப்பினர் அபராஜிதா சாரங்கி மக்களவையில் இப்பிரச்சினையை எழுப்பினார். அன்று பூரித் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் பிஜு ஜனதா தளத்தின் பினாகி மிஸ்ரா. பாஜக எழுப்பியதால் பிஜு ஜனதா தளம் மறுத்தது, மறுத்ததால் பாஜக மேலும் முழங்கியது. மற்ற மாநிலங்களின் உறுப்பினர்களுக்கு அது ஒடிசாவின் உள்வீட்டுச் சண்டையாகப் பட்டிருக்க வேண்டும். தமிழக உறுப்பினர்களாவது ஏமார் மடத்தின் பெயரைச் சொல்லிக் குரல் எழுப்பியிருக்கலாம். ராமாநுஜரின் ஆயிரமாவது ஆண்டை 2017-இல் விழா எடுத்துக் கொண்டாடி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. 2023 செப்டம்பரில் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைக்கான நிலைக்குழு அளித்த அறிக்கை, 100 மீட்டர், 300 மீட்டர் என்று எல்லாச் சின்னங்களுக்கும் ஒரே அளவுகோல் வைப்பது மக்களுக்கு இன்னலாக இருக்கிறது என்று சுட்டிக்காட்டியது. பொருட்படுத்தத்தக்க கருத்து அது. சிறு கல்வெட்டுக்கும் பெருங்கோயிலுக்கும் ஒரே வட்டம் வரைவது அறிவுக்குப் பொருந்தாததே.

இன்னொரு அவையும் இந்தக் கதையில் காணாமற்போனது. அது பூரியின் நகராட்சி மன்றம். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சியின் ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அதன் ஆணை. ஒடிசாவின் நகர அமைப்புகளுக்கு 2013-இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு, இடஒதுக்கீட்டு வழக்கு, பெருந்தொற்று என்று காரணங்கள் தொடர, 2022 மார்ச் மாதத்தில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. மடங்கள் இடிக்கப்பட்டதும், நிலம் கையகப்படுத்தப்பட்டதும், கடைக்காரர்களும் குடும்பங்களும் இடம்பெயர்ந்ததும், வரைபடம் இறுதியானதும், அடிக்கல் நாட்டப்பட்டதும் இந்த இடைவெளியில்தான். நகரமைப்புத் திட்டம், நில உபயோகம், கட்டட ஒழுங்கு, ஏன், பொதுக் கழிப்பறைகள்கூட அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளின் பொறுப்பாகப் பட்டியலிடப்பட்டவை. கழிப்பறையைச் சொல்லித்தான் பெருவழிக்கு அனுமதி பெறப்பட்டது. அதைக் கட்ட வேண்டிய அமைப்பில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லை.

கலெக்டர் அலுவலகத்தில் கூட்டங்கள் நடந்தன, மக்கள் மனமுவந்து நிலம் கொடுத்தனர் என்று அரசு சொன்னது. இழப்பீடு தாராளமாக இருந்தது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கின்றனர். மனமுவந்து கொடுத்தவர்கள் இருந்திருக்கலாம். வார்டு உறுப்பினர் ஒருவர் எழுந்து நின்று 'ஏன் எழுபத்தைந்து, ஏன் நாற்பது போதாது?' என்று கேட்டு, அது குறிப்பேட்டில் பதிவாவதற்கு மட்டும் அந்த ஏற்பாட்டில் இடமில்லை. அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் கணக்குக் காட்டி விடை சொல்லவில்லை.

பூரியில் சத்தமின்றி நடந்த ஒரு நல்ல பணியை இங்கே குறிப்பிடுவது கடமை. 2021 ஜூலை 26-ஆம் தேதி, நாள் முழுவதும் குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கத்தக்க நீர் வழங்கும் நகரமாகப் பூரி அறிவிக்கப்பட்டது. நாட்டில் அத்தகைய முதல் நகரம் அதுவே என்றது மாநில அரசு. மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த 'ஜலசாதி'கள் வீடு வீடாகச் சென்று நீரின் தரத்தைச் சோதித்து, மீட்டரையும் குறித்துவருகின்றனர். சென்னையிலும் தில்லியிலும் பெரும் பணக்காரர்கூடக் குழாய் நீரை அப்படியே அருந்தத் துணிவதில்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் குழாயை யாரும் படம் பிடிப்பதில்லை என்பதாலோ என்னவோ, பெருவழிக்குக் கிடைத்த விளம்பரம் இதற்குக் கிடைக்கவில்லை.

கோயிலிலிருந்து கடற்கரைக்கு வந்தால் வேறொரு கட்டுமான வேகத்தைக் காணலாம். கடலைப் பார்த்தபடி விடுதிகள் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, 2011-இல் புதிதாக்கப்பட்டு, 2019 ஜனவரியில் மீண்டும் மாற்றப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் கடலுக்கும் கட்டடத்துக்கும் இடையிலான கட்டுப்பாடு ஏதேனும் ஒரு வகையில் நெகிழ்ந்தது. நகர்ப்புறக் கடலோரங்களில் 1991-இன் அளவோடு நிறுத்திவைக்கப்பட்டிருந்த கட்டடப் பரப்பு விகிதம் 2019-இல் விடுவிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் ஃபானியும் வந்தது.

பூரிக் கடற்கரையின் ஒரு பகுதி 2020 அக்டோபரில் 'நீலக்கொடி' என்னும் உலகச் சான்றைப் பெற்றது. சுத்தமான மணல், குளியலறைகள், நீரின் தரச் சோதனை என்று அந்தச் சிறு பகுதி மெச்சத்தக்கது. அதே கடற்கரையில் பாங்கி முகாணா என்ற இடத்தில் நகரின் கழிவுநீர் கடலில் கலந்துவருவது பற்றி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குகள் சென்றன. கொடி பறக்கும் பகுதியையும் கழிவு சேரும் பகுதியையும் ஒரே அலைதான் நனைக்கிறது. சற்றுத் தள்ளிப் பெந்தகட்டாவில் தெலுங்கு பேசும் மீனவர்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். புயல் ஒவ்வொரு முறையும் முதலில் கதவைத் தட்டுவது அவர்களது குடியிருப்பில்தான்.

ஆட்சி மாறினால் அணுகுமுறை மாறும் என்று 2024-இல் சிலர் எதிர்பார்த்தனர். இருபத்துநான்கு ஆண்டுகளுக்கும் மேலாக முதல்வராக இருந்த நவீன் பட்நாயக் தோற்றார். மோகன் மாஜி தலைமையில் பாஜக ஆட்சி அமைத்த மறுநாளே கோயிலின் நான்கு வாயில்களும் திறக்கப்பட்டன. ஜூலை 14-இல் ரத்ன பண்டாரமும் திறக்கப்பட்டது. இவை பக்தர்களை மகிழ்வித்தன. ஆனால், 2025 ஜூன் 29-ஆம் தேதி, பெருவீதியின் மறுமுனையில் உள்ள குண்டிச்சா கோயிலுக்கு எதிரே ஏற்பட்ட நெரிசலில் மூவர் உயிரிழந்தனர். முதல்வர் மன்னிப்புக் கேட்டார், கலெக்டரும் காவல் கண்காணிப்பாளரும் மாற்றப்பட்டனர். மடங்களை அகற்றியதற்கு நெரிசல் அபாயமே முதற்காரணமாகச் சொல்லப்பட்டது. நெரிசல், கல் பதித்த வளையத்தில் நிகழாமல், ரதங்கள் வந்து நின்ற திறந்த வீதியில் நிகழ்ந்தது. கூட்டத்தை ஆள்வது காவலர், ஒலிபெருக்கி, வழித்தடம், நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பொறுத்த வேலை. இடிப்பதால் மட்டும் அது நடந்துவிடாது.

எதிர்க்கட்சியாக இருந்தபோது பெருவழிக்கு அனுமதி உண்டா என்று மக்களவையில் கேட்டவர்கள் இப்போது ஆளுங்கட்சி. பூரியின் தென்மேற்கே சிபசருபலியில் பன்னாட்டு விமான நிலையம் என்பது முந்தைய அரசின் கனவு. இந்த அரசும் அதைக் கைவிடவில்லை. புவனேசுவரம் விமான நிலையம் சாலை வழியாக ஒன்றரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது. சிபசருபலி அமைந்துள்ள கரை, சிலிகா ஏரிக்கு வலசை வரும் பறவைகளின் வழியில் உள்ளது. ஆலிவ் ரிட்லி ஆமைகள் உலவும் கடல் அது. புயற்காற்றைத் தடுத்து நிறுத்தும் சவுக்கு மரங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் வெட்டப்பட வேண்டியிருக்கும். மடங்களைப் போலவே சவுக்குத் தோப்பும் எந்தப் பாரம்பரியப் பட்டியலிலும் இல்லை.

பூரியை மட்டும் குறிவைத்து நாம் எழுதவில்லை. காசியில் 2021 டிசம்பரில், உஜ்ஜயினியில் 2022 அக்டோபரில், இப்போது பிருந்தாவனத்தில் என்று இந்தப் பெருவழிகள் நாடெங்கும் நீள்கின்றன. ஒவ்வொன்றிலும் மாநில அரசு ஒன்று, கட்டுமான நிறுவனம் ஒன்று, இடம்பெயரும் தெரு ஒன்று, திறப்பு விழாவுக்கு வசதியான தேதி ஒன்று. சிறிய ஊர்களின் பழைய சந்துகளில் வாழ்பவர்களுக்குத் தம் தெருவின் முறை எப்போது வரும் என்று தெரியாது.

செய்ய வேண்டியது கடினமானது அன்று. தொன்மைச் சின்னங்கள் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் மத்திய அரசு அதை வெளிப்படையாக நாடாளுமன்றத்தில் கொண்டுவரட்டும். மாமல்லபுரத்து வீட்டுக்காரருக்கு ஓர் அறை மறுக்கப்படும் நூறு மீட்டருக்குள், அரசுக்கு மட்டும் எந்தெந்தப் பணி செய்யலாம் என்பதை அவை தீர்மானிக்கட்டும். பாரம்பரியத் தாக்க ஆய்வு மண்ணைத் தோண்டுமுன் முடிந்து, உள்ளூர் மொழியில் அச்சாகி, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்ற ஒரு விதியை அதில் சேர்க்கட்டும். மன்றம் இல்லாத இடைக்காலத்தில் இத்தகைய திட்டம் எதையும் தொடங்கலாகாது என்றும் அதில் எழுதலாம். பட்டியலில் இல்லாத மடம், சத்திரம், தோப்பு, குளம் ஆகியவற்றை ஊரே அடையாளம் காட்டிப் பதிவு செய்துகொள்ள வழி வகுக்கட்டும்.

அதற்கு முன்பாக ஒரு சிறு கணக்கு தேவைப்படுகிறது. 2010-இன் திருத்தத்துக்குப் பிறகு, நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பகுதிகளில் அரசு அமைப்புகளுக்கு எத்தனை தடையில்லாச் சான்றுகள் வழங்கப்பட்டன, எந்த விதிவிலக்கின் கீழ், எந்த ஆய்வின் அடிப்படையில்? தனிமனிதர்களின் விண்ணப்பங்களில் எத்தனை நிராகரிக்கப்பட்டன? இரண்டு பட்டியல்களையும் பண்பாட்டு அமைச்சர் இரு அவைகளின் மேசையிலும் வைக்கலாம். நட்சத்திரக் குறியிட்ட ஒரு கேள்வியாகத் தமிழக உறுப்பினர் ஒருவரே அடுத்த கூட்டத்தொடரில் இதைக் கேட்கலாம். அறிவிப்புக்குப் பதினைந்து நாள் அவகாசம் போதும்.